குடும்பக் கணக்கு: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்



இம்முறை தெப்ராவிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பிள்ளைகள் மூவர். தீபாவளி லீவில் கூட்டாளிகள் மூவருடன் பகாங் பக்கம் வேட்டைக்குப் போக அவர் திட்டம் போட்டிருக்கிறாராம். காட்டுக்கோழி கிடைத்தாலும் சரி, 'குவாங்' கிடைத்தாலும் சரி என்கிறாராம். துப்பாக்கி இரவல். கண்ணி வலையும் கொண்டுபோகிறார்களாம்.

"அண்ணே, போகாதீர்கள் என்று சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். அவர் உழைக்கிற உழைப்புக்கு நாலு நாள் வெளியே போய்வருவது நியாயம்தான். செலவு கையைக் கடிக்காமல் போய்வர ஒரு வழி சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறார் தங்கச்சி.

நல்ல கேள்வி. மாப்பிள்ளையும் இந்தப் பக்கத்தைப் படிப்பார் என்ற நம்பிக்கையோடு, இருவருக்கும் சேர்த்தே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

ஆசை தப்பில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேட்டை ஆசை நம் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. பால்மரக் காட்டுக்குப் பக்கத்திலே வாழ்ந்தவர்கள் நாம். பெரட்டுக் களத்திலிருந்து வெளிக்காட்டுக்கு நடக்கும்போதே காட்டுக்கோழி குறுக்கே ஓடும். மரவள்ளியைத் தோண்டித் தின்ன வந்த பன்றியை நாய்களோடு விரட்டிய கதை பல லயங்களில் உண்டு. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு லீவு கிடைத்தால் காடு ஞாபகம் வருவது இயற்கை.

அதிலும் தெப்ராவ் இன்று பழைய தெப்ராவ் இல்லை. தோட்டங்கள் இருந்த இடத்தில் தாமான்களும் பேரங்காடிகளும் எழுந்துவிட்டன. மவுண்ட் ஆஸ்டின் என்று இன்று வீடும் கடையுமாய் நிற்கும் இடமே ஒரு காலத்தில் பெரிய ரப்பர்த் தோட்டம்தான். ஆகவே காட்டைப் பார்க்க வேண்டுமானால் வெளியே போகத்தான் வேண்டும். இதில் மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை இருப்பது திட்டத்தில்.

கோழியின் கிலோ விலை என்ன?

சந்தைக் கணக்கிலேயே தொடங்குவோம். காட்டுக்கோழிச் சேவல் எவ்வளவு கொழுத்தாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. பெட்டை ஒரு கிலோ வந்தாலே பெரிது. அதிலும் எலும்பும் நரம்பும்தான் அதிகம். எண்ணெய், டோல், சாப்பாடு, தோட்டா, நாலு நாள் சம்பள இழப்பு எல்லாவற்றையும் கூட்டி, கிடைக்கிற இரண்டு கோழியால் வகுத்துப் பாருங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்குத்தான் பொருந்தும். குழம்புக்குத்தான் கோழி வேண்டுமென்றால் பாசாரில் வாங்குவது எவ்வளவோ மலிவு.

சரி, கறிக்காக யாரும் வேட்டைக்குப் போவதில்லை, மகிழ்ச்சிக்காகத்தான் போகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அடுத்த கணக்கையும் பார்க்க வேண்டும்.

சட்டம் போடும் கணக்கு

நம் தீபகற்பத்தில் முன்பு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதைக் கவனிக்கும் இலாகாவைத்தான் நாம் பெர்ஹிலித்தான் என்கிறோம்.

இந்தச் சட்டத்தில் இரண்டு பட்டியல்கள். முதல் பட்டியலில் உள்ளவற்றை உரிமம் எடுத்து, அனுமதித்த காலத்தில், அனுமதித்த எண்ணிக்கையில் மட்டும் வேட்டையாடலாம். காட்டுக்கோழி இந்தப் பட்டியலில் இருக்கிறது. இரண்டாவது பட்டியல் முற்றிலும் பாதுகாக்கப்பட்டவை. மாப்பிள்ளை ஆசைப்படும் குவாங் ராயா இதில்தான் வரும். அதைச் சுட எந்த வேட்டை உரிமமும் கிடையாது.

உரிமமின்றி முதல் பட்டியல் விலங்கை வேட்டையாடினால் 2010 சட்டப்படியே 50,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டாவது பட்டியல் என்றால் 1,00,000 வெள்ளி வரை, மூன்றாண்டு வரை. 2022ஆம் ஆண்டு வந்த திருத்தம் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கிவிட்டது. கண்ணி வலையைப் பொறுத்தவரை, அதைப் போடுவது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம்.

இதைச் சம்பளக் கணக்கில் சொல்கிறேன். 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 50,000 வெள்ளி என்பது 29 மாதத்துக்கும் மேற்பட்ட சம்பளம். இரண்டரை ஆண்டு பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள்? ஒரு கோழிக்காக இதுவா?

துப்பாக்கி விஷயம் இதைவிடப் பெரிது. துப்பாக்கி உரிமம் இரவல் கொடுக்கும் பொருளல்ல. யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் அது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ஏழாண்டு வரை சிறை உண்டு. 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் குற்றம் சாட்டினாலோ 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத ரோத்தான் அடி. "கூட்டாளியின் துப்பாக்கி, நான் பிடித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்" என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடுவது சிரமம். கூடப் போனவர்களும் வழக்கிலிருந்து எளிதில் தப்ப முடியாது.

முறைப்படிதான் போவேன் என்பவர் தன் பெயரில் போலீஸ் தரும் துப்பாக்கி உரிமம், பெர்ஹிலித்தான் தரும் வேட்டை உரிமம், நுழையும் இடத்துக்கான அனுமதி மூன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். தோட்டம் என்றால் நிர்வாகத்தின் அனுமதி, காட்டு நிலம் என்றால் வன இலாகாவின் அனுமதி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வீட்டிலேயே இருந்துவிடுவது உத்தமம்.

அமெரிக்காவில் சுடுகிறார்களே?

"வெளிநாட்டில் லட்சக்கணக்கில் சுடுகிறார்கள், நமக்கு மட்டும் ஏன் தடை?" என்று சிலர் கேட்பதுண்டு. அதையும் பார்த்துவிடுவோம்.

கோழி, மயில் குடும்பத்தைச் சேர்ந்த நீண்ட வால் காட்டுப் பறவைகளை வெள்ளைக்காரர்கள் ஃபெசன்ட் என்கிறார்கள். அமெரிக்காவில் தெற்கு டகோட்டா என்றொரு மாநிலம். அங்கே கழுத்தில் வெள்ளை வளையம் கொண்ட ஃபெசன்ட்டைச் சுடுவதற்கென்றே மற்ற மாநிலங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆட்கள் வருகிறார்கள். அந்தப் பறவை அந்த மண்ணுக்குச் சொந்தமில்லை. ஆசியாவிலிருந்து கொண்டுபோய் விட்டது. சோள வயல்களில் பெருகி, 1919ஆம் ஆண்டு முதன்முதலாக அங்கே வேட்டைப் பருவம் திறந்தார்கள்.

அங்கேயும் கணக்கில்லாமல் சுட விடுவதில்லை. வெளிமாநிலத்தார் தனி உரிமம் வாங்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பறவைகள், அதுவும் சேவல் மட்டும். பெட்டையைத் தொடக்கூடாது. ஒரு பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். அதைக் காப்பாற்றி வைத்தால் அடுத்த ஆண்டு வயல் நிறையும் என்பது அவர்கள் கணக்கு.

நம் குவாங் ராயா எத்தனை முட்டை இடும் தெரியுமா? இரண்டே இரண்டு. குஞ்சுகளை வளர்ப்பதும் தாய் ஒருத்திதான். பன்னிரண்டு பிள்ளை பெறுகிறவள் வீட்டையும் இரண்டே பிள்ளை பெறுகிறவள் வீட்டையும் ஒரே மாதிரி கொள்ளையடித்தால் எந்த வீடு முதலில் வெறுமையாகும்? அங்கே அனுமதியும் இங்கே தடையும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வெறுமையானதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. பச்சை மயில் என்று ஒன்று நம் தீபகற்பத்துக் காடுகளில் இருந்தது. முருகப் பெருமானின் வாகனமாக நாம் வணங்கும் இந்திய மயிலுக்கு அது சொந்தம். 1960களுக்குப் பிறகு அது இங்கே காணாமற்போய்விட்டது. காண்டாமிருகத்தின் கதையும் அதேதான். மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் சபாவில் இறந்தது. நாட்டுச் சின்னத்தில் நிற்கும் புலிகூட 150க்கும் குறைவாகத்தான் காட்டில் எஞ்சியிருப்பதாக 2022இல் வெளியான கணக்கெடுப்பு சொல்கிறது. கோழிக்கென்று வைத்த கண்ணிக்குக் கோழிக்கால், புலிக்கால் என்ற பேதம் தெரியாது.

லேடாங் மலைக்கு வந்த வெளியூர் வேட்டைக்காரர்

இனி மாப்பிள்ளைக்குப் பிடித்தமான ஒரு கதை. கதையல்ல, நடந்தது. அதுவும் நம் ஜொகூர் எல்லையிலேயே நடந்தது.

1854ஆம் ஆண்டு ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேயர் சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்கு வந்தார். பறவை, பூச்சிகளைச் சேகரித்து விற்றுப் பிழைத்தவர். பின்னாளில் டார்வினோடு சேர்த்துப் பேசப்பட்ட பெரிய அறிஞர். தங்காக் பக்கத்தில் இருக்கும் குனோங் லேடாங் மலையைக் காணப் புறப்பட்டார். ஒரு வாரப் பயணம். சுமை தூக்க ஆறு மலாய்க்காரர்கள். கட்டிய மூட்டையில் என்ன இருந்தது? அரிசி, கொஞ்சம் பிஸ்கோத்து, வெண்ணெய், காப்பித் தூள், கருவாடு, கொஞ்சம் பிராந்தி, போர்வை, மாற்றுடை, பறவை பூச்சிகளை வைக்கப் பெட்டிகள், துப்பாக்கி, தோட்டா. பிராந்தியையும் துப்பாக்கியையும் எடுத்துவிட்டால் நம் தோட்டத்துச் சாமான்தான்! வழியெல்லாம் அட்டைக்கடி வேறு.

மலையடிவாரக் காட்டில் குவாங் ராயாவின் குரல் ஓயாமல் கேட்டதாம். வாலஸ் ஒரு முதிய மலாய் வேட்டைக்காரரிடம், எனக்கு ஒன்று சுட்டுத் தாருங்கள் என்று கேட்டார். அந்தப் பெரியவர் சொன்ன பதிலைக் கேளுங்கள். இருபது ஆண்டாக இந்தக் காட்டில் பறவை சுடுகிறேன், ஒரு குவாங்கைக்கூடச் சுட்டதில்லை. கண்ணியில் பிடிபட்டதைப் பார்த்திருக்கிறேனே தவிர, காட்டில் நடமாடக் கண்ணால் கண்டதில்லை என்றாராம். அவ்வளவு கூச்சம். ஆளரவம் கேட்டதும் அடர்ந்த புதருக்குள் ஓடி மறைந்துவிடும்.

பறவைகள் நிறைந்திருந்த காலத்தில், அந்தக் காட்டிலேயே வாழ்ந்தவருக்குக் கிடைக்காதது, நாலு நாள் லீவில் போகிற நமக்குக் கிடைக்குமா?

ஆனால் பார்க்கவும் கேட்கவும் கிடைக்கும். அதற்குத்தான் நான் வருகிறேன்.

ஆயிரங் கண்ணன்

குவாங் ராயாவை ஆங்கிலத்தில் ஆர்கஸ் என்கிறார்கள். கிரேக்கர் கதையில் உடம்பெல்லாம் கண் கொண்ட காவற்காரனின் பெயர் அது. நம் புராணத்தில் இந்திரனை ஆயிரங் கண்ணன் என்பதில்லையா, அதுபோல. ஆணின் சிறகு நெடுக, பந்து உருண்டு நிற்பதுபோல் நிழல் விழுந்த கண் வடிவங்கள் வரிசை வரிசையாக இருக்கும். டார்வின் 1871இல் வெளியிட்ட நூலில் இந்தக் கண்களைப் பற்றியே நீண்ட விளக்கம் எழுதியிருக்கிறார்.

ஆண் பறவை காட்டு மேட்டில் ஓர் இடத்தைத் தேர்ந்து, விழுந்த சருகையெல்லாம் அப்புறப்படுத்தி, வாசல் பெருக்கியதுபோல் சுத்தமாக வைத்துக்கொள்ளும். விடியற்காலையில் அங்கே நின்று "கு-வாவ்" என்று கூவும். மலாயில் அதற்குக் குவாங் என்று பேர் வந்ததே அந்தக் குரலால்தான். பெட்டை வந்தால் சிறகிரண்டையும் விசிறிபோல் தலைக்கு மேல் விரித்து ஆடும். பெருக்கிய அந்த மண் தரையைக் காட்டில் நேரில் கண்டாலே போதும், வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மூன்று படியாகப் போங்கள்

எடுத்த எடுப்பில் பகாங் வேண்டாம். படிப்படியாகப் போகலாம்.

முதற்படிக்கு எண்ணெய்ச் செலவுகூட இல்லை. மண்டோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஓய்வுநாள் விடியற்காலையில் பிள்ளைகளோடு செம்பனைக் காட்டு ஓரத்தில் அமைதியாக உட்காருங்கள். உதிர்ந்த பழத்தையும் கறையானையும் தேடிக் காட்டுக்கோழி அங்கேயே வரும். வீட்டுச் சேவலுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுங்கள். காட்டுச் சேவலின் வாலடியில் வெள்ளைத் திட்டு இருக்கும், கால் சாம்பல் நிறம், கூவல் நீளாமல் சட்டென்று அறுந்து முடியும். உலகத்தில் உள்ள வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை இந்த இனம்தான்.

இரண்டாவது படி குனோங் லேடாங். தெப்ராவிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தங்காக் போய், அங்கிருந்து சாகில் நீர்வீழ்ச்சி. காலையில் புறப்பட்டால் இரவுக்குள் வீடு. வாலஸ் நடந்த மலையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். 1,276 மீட்டர் உச்சி வரை ஏற விரும்புவோர் ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தில் முன்கூட்டியே அனுமதியும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்ய வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அடிவாரமே போதும்.

மூன்றாவது படிதான் பகாங். ஜெராண்டுட் வழியாகக் குவாலா தாஹான். 1930களில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பேரில் தொடங்கிய தேசியப் பூங்கா, இன்றைய தாமான் நெகாரா. பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். குவாங் ராயாவின் குரலைக் கேட்க நம் நாட்டில் சிறந்த இடங்களில் ஒன்று. அதன் உறவான ஆயாம் பெகார், கருநீல உடம்பும் கொண்டையுமாக, தங்கும் விடுதிப் பக்கத்துப் பாதையிலேயே நடமாடுவதுண்டு. குவாலா தெம்பெலிங்கிலிருந்து படகில் போனால் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆற்றுப் பயணம். சிக்கனம் வேண்டுமென்றால் சாலை வழியாகவே போய்விடலாம். ஜொகூரிலேயே பெருங்காடு வேண்டுமென்றால் எண்டாவ் ரொம்பின் இருக்கிறது. ஆனால் காஹாங்கிலிருந்து கம்போங் பேத்தாவுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் காட்டுச் சாலை என்பதால் வண்டிச் செலவு கூடும்.

ஒரு முக்கியமான விஷயம். தீபாவளி லீவில் வேண்டாம். அதையொட்டிக் கிழக்குக் கரையில் மழைக்காலம் தொடங்கிவிடும். ஆறு பெருகும், பாதை மூடும், அட்டை பெருகும். மார்ச் மாதத்துக்குப் பிறகு போவதுதான் சரி.

நாலு குடும்பக் கணக்கு

இந்தத் தாமதமே ஒரு லாபம். அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதம். நாலு குடும்பமும் மாதம் 50 வெள்ளி கூட்டுப் போட்டால் 1,200 வெள்ளி சேரும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, 240 வெள்ளியை அவசரத்துக்கென்று தனியாக வையுங்கள். வண்டி பழுதானாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் யாரிடமும் கை நீட்ட வேண்டாம். மீதி 960 வெள்ளிக்குள் அடங்குகிற பயணத்தையே போடுங்கள். தங்குமிடம் எத்தனை நாள், படகா சாலையா என்பதையெல்லாம் அந்தத் தொகைதான் முடிவு செய்ய வேண்டும், ஆசையல்ல. கூட்டுப் பணத்தை ஆண்களிடம் கொடுக்காமல் ஒரு சகோதரி கையில் வைத்திருப்பது என் அனுபவத்தில் நல்லது. மாப்பிள்ளைகள் கோபித்துக்கொள்ளக்கூடாது!

தங்குவதற்கு விலையுயர்ந்த விடுதி வேண்டாம். ஆற்றுக்கு எதிர்க்கரையில் உள்ள ஊரில் எளிய அறைகள் உண்டு. பலர் சேர்ந்து படுக்கும் அறை இன்னும் மலிவு. சாப்பாட்டுக்கு வாலஸின் மூட்டையே நல்ல வழிகாட்டி. அரிசி, கருவாடு, காப்பித் தூள், புளி, ஊறுகாய். முதல் நாளுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டால் வழிச்செலவும் மிச்சம்.

முழங்கால் வரை வரும் காலுறை, மங்கலான நிறச் சட்டை, டார்ச், மழைக்கோட்டு, பிள்ளைகளின் மருந்து இவற்றை மறக்காதீர்கள். காட்டுப் பாதையில் உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பறவை எங்கே நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

தங்கச்சி, போகாதீர்கள் என்று சொல்ல வேண்டாம். "மார்ச்சில் எல்லாரும் சேர்ந்து போவோம்" என்று சொல்லுங்கள். இந்த மாதமே முதல் 50 வெள்ளியைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். மாப்பிள்ளை, இரவல் துப்பாக்கியை உடையவரிடமே விட்டுவிடுங்கள். நண்பர்கள் கண்ணி வைத்திருந்தால் அதையும் வேண்டாமென்று அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். லீவு முடிந்த மறுநாள் காலையில் நீங்கள் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு புறப்படுவதைத்தான் மூன்று பிள்ளைகளும் வாசலில் நின்று பார்க்க வேண்டும்.